ஞாயிறு பத்து மணி முதல் இரண்டு மணி வரை

இரண்டு வீட்டுப் பிள்ளைகள் – 9

அம்மா மதுரையில், அப்பா கரூரில். மகளுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை அப்பா பார்க்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பார்க்க வேண்டிய இடம் கரூர். போக வர ஒரே நாளில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். அம்மா உச்ச நீதிமன்றம் போனார். 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அப்பாவின் உரிமைக்காகக் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைக்க முடியாது. சந்திப்பு மதுரையிலேயே நடக்கட்டும். பூங்காவிலோ கோயில் வளாகத்திலோ அப்பாவும் மகளும் இருக்கலாம். அம்மா ஏறத்தாழ பத்தடி தள்ளி இருக்க வேண்டும்.

நல்ல தீர்ப்பு. பயணம் செய்ய வேண்டியது பெரியவர்தான், குழந்தை இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு. ஆனால் அந்தப் பத்தடியை நினைத்துப் பாருங்கள். குழந்தை நடுவில் தூங்கிவிட்டால் எழுப்புவதா? பாத்ரூம் போக வேண்டும் என்றால் கூட்டிப் போவது யார்? அப்பா வாங்கி வந்த ஐஸ்கிரீமை, சளி பிடித்திருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? கிழமை, நேரம், இடம், தூரம் வரை நீதிமன்றம் அளந்து கொடுத்துவிடும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் நடப்பதை எந்த நீதிபதியாலும் எழுதி மாளாது. குடும்ப நல நீதிமன்றத்தில் மறுபடி மறுபடி வந்து விழும் மனுக்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு அப்பாவிடம் பையன் போக வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு ஞாயிறு சாயங்காலம் பையன் திரும்பி வந்தபோது தலை மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு காதும் வீங்கி, மஞ்சள் அப்பியிருந்தது. குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போய் முடி இறக்கி, காதும் குத்திவிட்டார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டி, "அது எங்க சாமிக்கு நேர்ந்துக்கிட்ட முடி. அதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றார். அம்மாவின் அண்ணன் மருமகனை மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதற்காகத் தோடு வாங்கி வைத்திருந்தவர். அவருக்கு அது ஊரறிய நடந்த அவமானம். அடுத்த ஞாயிறு பையன் அனுப்பப்படவில்லை. உத்தரவை மீறியதாக அப்பா ஒரு மனு போட்டார். சந்திப்பை நிறுத்தச் சொல்லி அம்மா ஒரு மனு போட்டார். உத்தரவைப் புரட்டினால் மொட்டையைப் பற்றியோ காதுகுத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அதற்கப்புறம் ஏழெட்டு வாய்தா. காது ஆறி வெகு நாளாகியும் அப்பாவும் பிள்ளையும் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த அப்பாவை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைமேல் தனக்கும் ஓர் உரிமை இருக்கிறது என்று காட்ட அவருக்குக் கிடைத்த நாள் அது ஒன்றுதான். அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் செய்துவிடப் பார்த்தார். ஆனால் ரத்தம் வந்தது பிள்ளையின் காதில்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, குழந்தை யாரிடம் இருப்பது, செலவு, படிப்பு ஆகியவை பற்றி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் இன்றும் அப்பாவைத்தான் முதல் இயற்கைக் காப்பாளராக எழுதி வைத்திருக்கிறது; ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போய், அம்மாவின் கையெழுத்து செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டதில் தொடங்கிய வழக்கில்தான், அப்பா உயிரோடிருக்கும்போதே அம்மாவும் காப்பாளராக இருக்க முடியும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலனே முதன்மை என்ற விதி நிற்கிறது. ஆனால் அம்மா, அப்பா இரண்டு பேருமே அந்த நலனைச் சொல்லித்தானே சண்டை போடுகிறார்கள்!

இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வழி வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-வது அறிக்கையில் விரிவாகவே பரிந்துரைத்தது. கூட்டுப் பொறுப்பு, பிள்ளை வளர்ப்புத் திட்டம், தாத்தா பாட்டிக்கான நேரம், ஊர் மாறிப் போவது எல்லாம் அதில் இருக்கின்றன. அது சட்டமாகியிருந்தால் பாதி மனுக்கள் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

2020-இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்று சொன்னது. குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோருக்குத் தினமும் ஐந்து, பத்து நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமை இருக்க வேண்டும்; வீடியோ கால் வசதியையும் பயன்படுத்திக்கொள்ளலாம். நடப்பது என்ன? போன் ஸ்பீக்கரில் இருக்கும், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். மறுமுனையில் அப்பா, "வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்பார். பிள்ளை இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சார்ஜ் இல்லப்பா" என்று வைத்துவிடும். பொய் சொல்லப் பிள்ளை அங்கேதான் பழகுகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் அம்மா அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். அப்பா பள்ளிக்கூடத்தையும் கிரிக்கெட்டையும் தவிர வேறெதையும் கேட்கக் கூடாது.

பார்க்க வருகிறவரை எப்படி நடத்துவது என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் அப்பாவை விருந்தாளியாக நினைத்து டீ, பலகாரம் கொடுத்து உபசரிக்க வேண்டும் என்று உத்தரவில் எழுதினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. அமர்வு செய்ததே சரி. பிரிந்துபோன மனைவி டீ போட்டுத்தான் தீர வேண்டும் என்பது உத்தரவாக வர வேண்டிய விஷயம் இல்லை. அந்த வீட்டில் அவர் என்னென்ன பட்டார் என்பது நமக்குத் தெரியாது.

உபசாரத்தை எழுதி வாங்க முடியாது. பாராசிட்டமாலை எழுதி வாங்கலாம். பரஸ்பர சம்மதத்தோடு பிரிகிறவர்கள் போடும் 13-பி மனுவில் நகை, பாத்திரம், வண்டி வரைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குழந்தைக்கு ஒரே வரி: 'தாயின் பொறுப்பில் இருக்கும், தந்தை மாதம் இருமுறை பார்க்கலாம்.' அந்த இடத்தில்தான் நின்று எழுத வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்தும் டாக்டர் சீட்டும் கூடவே போகும். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கும். காய்ச்சலால் ஒரு ஞாயிறு விட்டுப்போனால் அடுத்த ஞாயிறு ஈடு செய்யப்படும். முட்டை, கறி சாப்பிடுவதில் இரு வீட்டுக்கும் வேறு வழக்கம் என்றால் அதையும் எழுதுங்கள். மொட்டை, காதுகுத்து, ஆபரேஷன், பள்ளி மாற்றம் ஆகியவை இருவரும் ஒப்பாமல் நடக்காது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு எண்களும் இருக்கும். ரேங்க் கார்டு இருவருக்கும் போகும். டி.சி. வாங்குவதற்கு முன் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து என்பதையும் இப்போதே பேசிவிடலாம். ஒருவர் கையெழுத்திலேயே விண்ணப்பிக்க அனெக்சர் சி படிவம் இருக்கிறது. ஆனாலும் மற்றவருக்குத் தெரியாமல் எடுத்த பாஸ்போர்ட், பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தைக் கிளப்பிவிடுகிறது.

இன்னொன்றையும் நான் வற்புறுத்திச் சொல்வேன். பார்க்க வரும் பெற்றோருக்கு அன்றாடத்தில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். முடி வெட்டக் கூட்டிப் போவது, ஸ்கூல் ஷூ வாங்குவது, கணக்கு நோட்டைப் பார்ப்பது, எதுவாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் மாலும் பிரியாணியும் பொம்மையும் அப்பா, பல் தேய்க்கச் சொல்லி அதட்டுவது மட்டும் அம்மா என்று ஆகிவிடுகிறது. இருவருக்குமே அது அநியாயம். மாதம் ஆறு மணி நேரம் கிடைக்கிற அப்பா அதில் ஒரு மணி நேரம் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து, "காது கிட்ட பார்த்துண்ணே" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பையனுக்கு அவர் விருந்தாளி இல்லை.

இதை எல்லாம் பேச எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005-இலேயே தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்பதில் நாட்டுக்கே அதுதான் முன்னோடி. மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் உண்டு. அங்கே எழுதுவதும் காலத்துக்கும் கட்டிப்போடாது. சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல, காவல் பற்றிய உத்தரவுகள் சூழ்நிலைக்கேற்ப மாற்றக்கூடியவை. மூன்று வயதில் எழுதியதைப் பத்து வயதில் திருத்தி எழுதலாம். அப்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

அடுத்த வாரம்: பேரனைப் பார்க்க வந்த பாட்டியை வாசலிலேயே நிறுத்திய ஒரு வீடு.