அப்டேட்டுக்குப் பின் இரையும் விசிறி

கணினி விசிறி தானாக வேகமெடுப்பதில்லை. பிராசஸரின் சூட்டை உணரி அளந்து சொல்ல, மதர்போர்டு இடும் உத்தரவுப்படிதான் அது சுழல்கிறது. நான்கு கம்பி விசிறியில் இரண்டு மின்சாரத்துக்கு. மூன்றாவது சுழல் வேகத்தைத் திருப்பிச் சொல்லும். நான்காவது, நொடிக்குச் சுமார் 25,000 துடிப்புகளாக வேக உத்தரவைக் கொண்டுவரும். வேகம் இரட்டித்தால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். அதனால்தான் கொஞ்சம் சூடு ஏறினாலும் காதுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது.

அப்டேட் முடிந்து கணினி மறுபடி எழுந்ததும் திரை அமைதியாக இருக்கும். உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். விண்டோஸ் தன் தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கும், பழைய கோப்புகளைக் கழிக்கும்; ஆன்டிவைரஸ் புதிய கோப்புகளைச் சோதிக்கும். இது சில மணி நேரத்தில் அடங்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பயன்பாடு குறைந்த பிறகும் விசிறி அலறினால், மாறியிருப்பது வேலையல்ல, உத்தரவு. பயாஸ் அப்டேட், பயனர் வைத்திருந்த விசிறி அமைப்பை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடுவது உண்டு. டிரைவரும் பிழை செய்யும்: 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவர் விசிறிக் கட்டுப்பாட்டைக் குலைத்து கிராபிக்ஸ் கார்டுகளைச் சூடேற்றியதால் அந்நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் மூன்றாவது காரணமான தூசியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிறு பட்டறைகளில் வரைபடக் கணினி கிரைண்டிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கும். காற்றில் மிதக்கும் எண்ணெய்ப் புகையும் உலோகத் தூளும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே பிசுபிசுவென்று படிந்து இறுகுகின்றன. கிரானைட் அறுக்கும் இடங்களில் கல்தூள். நேற்றுவரை லேசான வேலையில் சமாளித்த கணினி, அப்டேட் தரும் முழுச் சுமையில் மூச்சுத் திணறுகிறது. பழி அப்டேட்டின் மேல் விழுகிறது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். அதே வேகத்தில் விசிறி கடத்தும் வெப்பமும் குறையும். ஊரின் குளிர்ச்சி இதை ஈடுகட்டுகிறது. கீழே கிருஷ்ணகிரியில் கோடையில் உள்ளே போகும் காற்றே சூடு.

படிந்த தூளை நீக்க, பட்டறை கம்ப்ரசரில் ஏர் அடிப்பது வழக்கம். மின்சாரத்தைத் துண்டித்து, கம்ப்ரசரில் தேங்கிய நீரை வடித்து, அழுத்தத்தைக் குறைத்து, இறக்கைகள் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். காற்றின் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும். இரும்புத் தூள் மின்சாரம் கடத்துவதால் மதர்போர்டின் மேல் சிதறவிடக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு காற்றுக்குப் போகாது. ஹீட் சிங்கைக் கழற்றித் துடைத்து, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூச வேண்டும். இத்தனைக்குப் பிறகும் குறைந்த வேகத்திலேயே கரகரவென்ற உராய்வுச் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது; அதே அளவில், அதே கம்பி எண்ணிக்கையில் புது விசிறி மாட்ட வேண்டியதுதான்.