கொடைக்கானல் சீசனில் கடல் மீன் விலை எகிறுவது ஏன்? 61 நாள் தடையின் கணக்கு இதுதான்

கொடைக்கானல்,

ஏப்ரல், மே வந்துவிட்டால் கொடைக்கானலில் சீசன் களைகட்டும். ஏரிச்சாலையில் கூட்டம் அலைமோதும். ஓட்டல்களில் மீன் வறுவல், மீன் குழம்பு கேட்பவர்களும் அதிகம். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்துதான் கடல் மீன் வரத்து குறைந்து விலை எகிறும். சீசன் என்று சொல்லி ஏத்திட்டாங்க என்ற புலம்பலும் கூடவே வரும். பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். மீதி காரணம் கடலில் இருக்கிறது.

தடை எப்போது?

தமிழகத்தின் கிழக்கு கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்க தடை. 2001-ல் 45 நாளாக தொடங்கிய இந்த தடை, 2017-ல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு கடல் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை இருக்கும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு கடலே கிடையாது. கொடைக்கானலில் விற்கும் கடல் மீன் எல்லாம் ஐஸ் பெட்டியில் மலை ஏறி வருபவைதான். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீனையும், கேரள பக்கத்து மீனையும் நம்பித்தான் வியாபாரம் ஓட வேண்டும். விலை ஏறாமல் என்ன செய்யும்?

சினை மீன் போனால்...

பல மீன்கள் இந்த மாதங்களில்தான் முட்டையிடும். வஞ்சிரம் போன்ற பெரிய மீன் ஒன்றே லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த நேரத்தில் அதை பிடித்தால் வரப்போகும் மீனும் சேர்ந்து போச்சு.

விசைப்படகுகளின் இழுவை மடி கடல் தரையை அரித்துக்கொண்டு போகும். இறால் தேடி போட்ட வலையில் குஞ்சு மீன்களும் வாரி வரும். இதை மீனவர்கள் ‘சங்காயம்’ என்பார்கள். காய வைத்து கோழித்தீவனத்துக்கு அடிமாட்டு விலைக்கு போகும். வளர விட்டிருந்தால் கிலோ நூற்றுக்கணக்கில் விற்றிருக்க வேண்டிய மீன் அது.

இதனால்தான் தடைக்காலம் தவிர வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. இழுவை மடியின் கடைப்பகுதியில் கண்ணி 40 மில்லி மீட்டருக்கு குறையக்கூடாது. கரையில் இருந்து 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோ மீட்டருக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது. அது நாட்டுப்படகுகளுக்கு உரிய இடம். இரட்டைமடிக்கு தடை. சுருக்குமடி வலைக்கு 2000-ல் தமிழக அரசு தடை போட்டது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும் நிபந்தனையுடன் அனுமதித்தது.

மலை தாங்காது என்று 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்ததே, அதே கதைதான் கடலிலும்.

கஷ்டம் யாருக்கு?

விசைப்படகு தொழிலாளிக்கு சம்பளம் கிடையாது, பங்குதான். படகு போகாவிட்டால் பங்கும் இல்லை. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு ரூ.8 ஆயிரமாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 61 நாளைக்கு கணக்கு போட்டால் நாள் ஒன்றுக்கு ரூ.131 தான் வருகிறது. இவ்வளவு பொறுத்துக்கொண்டு ஒருவர் வலையை கரையில் வைத்திருக்க, இன்னொருவர் இரட்டைமடி போட்டு குஞ்சு மீனை அள்ளினால் நஷ்டம் பொறுத்தவருக்குத்தான். கடலோர ஊர்களில் அடிக்கடி தகராறு வெடிப்பது இதனால்தான்.

வாங்குபவர்கள் கவனிக்க...

* விரல் நீள வஞ்சிரம், பாறைக் குஞ்சுகளை மலிவு என்று வாங்க வேண்டாம். கேரளாவில் மத்தி மீனுக்கே குறைந்தது 10 செ.மீ. நீளம் இருக்க வேண்டும் என்று விதி உள்ளது.

* தடைக்காலத்தில் அணை மீன்களான கட்லா, ரோகு வாங்கலாம். கடலுக்கும் ஓய்வு, பர்சுக்கும் லாபம்.

* வரத்து குறையும்போது பழைய ஐஸ் மீனும் சந்தைக்கு வரும். 2018 ஜூனில் கேரள சோதனைச்சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் சதை குழி விழாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

ஜூன் 14 நள்ளிரவோடு கிழக்கு கடற்கரையில் தடை முடியும். படகுகள் கரை திரும்பிய பிறகு வரத்து கூடும், மலையிலும் விலை இறங்கும். அதுவரை வஞ்சிரத்துக்கு பதில் கட்லாதான்!