தள்ளிவைத்த நாள்

விடியுமுன்பே பஸ் ஏறி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, மூன்றாவது கீமோவுக்கென்று வந்து அமர்ந்திருந்த ஓர் அம்மையாரிடம், "கவுண்ட் குறைஞ்சிருக்கும்மா, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று நர்ஸ் சொன்னபோது அந்த முகம் வாடியதை, உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சென்றிருந்த நான் அருகிலிருந்து கண்டேன். நோயின் பெயரைக் கேட்டபோதுகூடக் கலங்காதவர்கள், நாள் தள்ளிப்போகும்போது கலங்கிவிடுகிறார்கள். தம் பிரார்த்தனை ஆண்டவன் செவியில் விழவில்லையோ என்ற சந்தேகம் அப்போதுதான் மெல்லத் தலைகாட்டுகிறது.

அந்த ஒரு வாரம் எதற்காக என்பது தெரிந்தால் சந்தேகம் சற்றே தணியும். கீமோ மருந்துகளிற் பல, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்கும் சுபாவமுடையவை. எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் உற்பத்தியாகும் இரத்த அணுக்களும் அவ்வாறே விரைந்து பெருகுபவை ஆதலால், நோயோடு சேர்ந்து அவையும் அடிபடுகின்றன. மருந்து ஏற்றிய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்களின் எண்ணிக்கை (நர்ஸ் சொன்ன 'கவுண்ட்' இதுதான்) மிகவும் தாழ்ந்து, பின்னர் சிறுகச் சிறுக ஏறுகிறது. பல மருந்துகளை 21 நாட்களுக்கு ஒருமுறை கொடுப்பதன் காரணம் இதுவே; அதற்குள்ளும் ஏறாவிட்டால்தான் நாளைத் தள்ளிவைக்கிறார்கள். (அந்த இடைவெளியில் 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் மட்டும், இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.) ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சையும் ஒரே நாளில் முடிக்காமல், பல வாரங்களுக்குச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே, புற்றணுக்களைவிட நல்ல அணுக்களே தம்மை நன்கு செப்பனிட்டுக்கொள்கின்றன. சரீரத்துக்குள் இப்படியொரு காலக்கிரமத்தை வைத்தவன் எவனோ, அவனுடைய நேரத்தை நம்புவது மூடத்தனமென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மார்பில் கட்டி தட்டுப்பட்டும், 'வலிக்கவில்லையே, சாமி பார்த்துக்கொள்ளும்' என்று மாதக்கணக்கில் மூடி மறைப்பதை நம்பிக்கை என்று சொல்ல என் மனம் இடங்கொடாது. அது சரீரத்துக்குக் கொடுக்கவேண்டிய அவகாசத்தை நோய்க்குக் கொடுப்பதாகும்.

இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை நினைக்கும்போதெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியே என் மனக்கண்முன் வருகிறார். 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்ற சங்கல்பத்தை அன்றே மனத்தில் ஊன்றிக்கொண்டார். எனினும், அடையாற்றில் ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டியது 1952-ல்தான், 12 படுக்கைகளோடு நோயாளிகளுக்குக் கதவு திறந்தது 1954-ல்தான். முப்பத்தோராண்டுகள்! கதவு திறந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. இடைப்பட்ட காலத்தில் அவர் கை கட்டிக்கொண்டிருக்கவில்லை. சட்டசபையில் வாதாடினார், அநாதைப் பெண்களுக்கு ஔவை இல்லம் அமைத்தார், புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காகப் பலரிடமும் கையேந்தினார். பலன் எப்போது கைகூடும் என்பது தம் வசத்தில் இல்லாதபோதும், அன்றன்றைய வேலையை அன்றன்றே செய்துவந்த அந்தப் பொறுமையைத்தான் இன்று சிகிச்சைக்காகக் காத்திருப்பவர்களின் முகங்களிலும் நான் தேடுகிறேன்.

அன்று அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த வாரம் என்னிக்கு வரணும், சிஸ்டர்?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றதும், "முருகனுக்கு உகந்த நாள்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, தேதி எழுதிய சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடித்த பிறகே பஸ்ஸுக்கு எழுந்தார்.