மருத்துவமனை ஊழியருக்குச் சுற்றுலா எதற்கு?



காணிக்கைப் பணத்தில் ஊழியரைக் குற்றாலத்திற்கு அழைத்துப் போவது தகுமா என்று ஆதரவாளர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே.

அருப்புக்கோட்டை நூற்பாலைகளில் தீபாவளிக்குப் போனஸ் உண்டு. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் லாபநோக்கமற்ற மருத்துவமனைகளுக்கு விலக்கு அளித்தது. ஆகவே நம் ஊழியரைக் கனப்படுத்த வேறு வழி தேடினோம். சம்பளத்திற்குப் பதிலாக அல்ல; சம்பளம் முதலில், சுற்றுலா அதற்குமேல்.

கையில் கொடுக்கும் சிறுதொகை வட்டிக்கடைக்குப் போய்விடும். மழையையே நம்பி வாழும் திருச்சுழிக் கரிசல் கிராமத்து ஆயாவும், வாட்ச்மேனும், டாக்டரும் ஒரே பஸ்ஸில் போய், அருவியில் நனைந்து, ஒரே பந்தியில் அமர்ந்தால் பயம் தெளிகிறது. பிரசவ அறையில் ஏதேனும் தவறாகப் பட்டால் நர்ஸ் டாக்டரிடம் தயங்காமல் சொல்வார். தாயும் சேயும் பிழைப்பது சில வேளை அந்த ஒரு சொல்லால்தான்.

ஆனால் வார்டைப் பூட்டிவிட்டுப் போகலாகாதே! தாவீதின் 600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றண்டையில் தங்கினார்கள். போருக்குப் போனவர்களில் சிலர் அவர்களுக்குப் பங்கு கொடுக்க மறுத்தார்கள். தாவீதோ சமபங்கு என்றே கட்டளையிட்டார் (1 சாமுவேல் 30). அப்படியே நாமும் இரண்டு அணியாகப் போகிறோம். முதல் வாரம் டூட்டி பார்த்தவர்கள் மறுவாரம் போவார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவரும் விடுபடுவதில்லை.

சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை இளைப்பாற அழைத்தவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31). இரண்டு பஸ் வாடகையையும் உங்கள் காணிக்கையாலும் ஜெபத்தாலும் தாங்குங்கள்.