கட்சி இல்லாத கௌன்ஸிலர்

முதல் தேதி உங்கள் வீட்டில் எப்படிக் கழிகிறது? சம்பளம் முதலில் யார் கைக்கு வருகிறது? மூன்றாம் மனிதர் கேட்கக் கூடாத கேள்விதான். பதில் சொல்ல வேண்டாம். சில வீடுகளில் பணத்தைச் சுவாமி படத்தின் முன் வைத்துவிட்டு, மறு பேச்சில்லாமல் மனைவியிடம் கொடுத்துவிடுவார்கள். சில வீடுகளில் தினம் காலையில், "இன்றைக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டு எண்ணி வைப்பார்கள். சம்பளம் நேரே பாங்கிக்குப் போகும் இந்தக் காலத்தில் கவருக்குப் பதிலாகக் கார்டு, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாவது ரகமும் ஒன்று உண்டு. அங்கே பணம் வீடு வந்து சேருமுன் வழியிலேயே கரைந்து போகும்.

இந்த மூன்றாவது ரக வீடுகளின் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்த ஒரு பெண்மணி, 1909-ம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரசபைக்குச் சுயேச்சை அபேட்சகராக நின்றார். அவர் பெயர் எலினார் ராத்போன். ஜெயித்தும் விட்டார். அந்த நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

ராத்போன் குடும்பம் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து வந்த பெரிய வீடு. தகப்பனார் வில்லியம் ராத்போன் லிபரல் கட்சியின் பார்லிமெண்ட் அங்கத்தினர். அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1859-ல் அவருடைய முதல் மனைவி நோயாகக் கிடந்தபோது, மேரி ராபின்ஸன் என்ற நர்ஸை அமர்த்தியிருந்தார். மனைவி காலமான பிறகு நர்ஸைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடவில்லை. அதே சம்பளம் கொடுத்து, ஏழை நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பணிவிடை செய்யச் சொன்னார். வீடு தேடிப் போகும் நர்ஸ் என்ற ஏற்பாடு அந்த நாட்டில் அப்படித்தான் வேரூன்றியது. எலினார் அவருடைய இரண்டாவது மனைவியின் மகள், 1872-ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஸாமர்வில்லில் படித்தார். படித்தாரே தவிர, பட்டம் கிடையாது. பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை என்று ஆக்ஸ்போர்டு பிடிவாதமாக இருந்த காலம் அது. 1920-ல்தான் மனம் இரங்கினார்கள்!

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பெண், பெரிய வீட்டுப் பெண்கள் வழக்கமாகச் செய்யும் தர்ம காரியங்களில்தான் முதலில் இறங்கினார். கம்பளி கொடுப்பது, கரி கொடுப்பது, புத்திமதி கொடுப்பது. இதில் மூன்றாவதுதான் தாராளமாகக் கிடைத்து வந்தது. எலினாருக்கு இது சரிப்படவில்லை. புத்திமதி சொல்லுமுன் அந்த வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று அவருக்குத் தோன்றிற்று.

லிவர்பூல் துறைமுகத்தில் அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் நிரந்தரமில்லாத கூலி வேலை செய்தார்கள். காலையில் மேஸ்திரி முன்னால் கும்பலாக நிற்க வேண்டும். அவர் பொறுக்கி எடுக்கும் ஆளுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் மறுபடி நிற்க வேண்டும். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. ஒரு வாரம் கை நிறையக் காசு. அடுத்த வாரம் மனைவியின் போர்வை அடகுக் கடைக்குப் போகும். இந்தக் கூலி முறையைப் பற்றி எலினார் ஒரு விசாரணை நடத்தி அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகு, அந்தக் குடும்பங்களின் வாராந்தர வரவு செலவுகளைத் திரட்டிப் பார்க்கும் வேலையிலும் ஈடுபட்டார். ரொட்டிக்கு எவ்வளவு, தேயிலைக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, அடகு மீட்க எவ்வளவு என்று பைசா பைசாவாக எழுதிய கணக்கு. அதன் முடிவுகள் வெளியான வருஷமும் 1909தான்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புரியும். வரவு நிச்சயமாக இருந்தால் ஒன்றுக்கு மூன்று பொருளை யோசித்து வாங்கலாம். வரவே நிச்சயமில்லாதவள் எதை யோசிப்பாள்? கூலிக்காரனின் மனைவிக்குச் சிக்கனம் தெரியாது என்று வாய் வலிக்கப் பேசிய பெரிய மனிதர்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகங்கள் தக்க பதிலாக இருந்தன.

சரி, பெண் எப்படித் தேர்தலில் நிற்க முடிந்தது? பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட இங்கிலாந்துப் பெண்களுக்கு 1918 வரை உரிமை இல்லை. ஆனால் ஊராட்சி விஷயம் வேறு. நகர வரி கட்டும் விதவைகளும் மணமாகாத பெண்களும் 1869 முதலே நகரசபைக்கு ஓட்டுப் போட்டு வந்தார்கள். 1907-ல் வந்த சட்டம் அவர்கள் அங்கே அபேட்சகராக நிற்கவும் வழி செய்தது. கல்யாணமானவளுக்குப் பெரும்பாலும் வரி கட்டுகிறவள் என்ற தகுதியே கிட்டாது. வீடு கணவன் பெயரில் அல்லவா இருக்கும்? எலினாருக்கு அப்போது வயது 37. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதுவே யோக்கியதாம்சம் ஆயிற்று!

தகப்பனாரின் கட்சி கையோடு இருந்தது. அதில் சேர்ந்து நின்றிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் ஏன் தனியாக நின்றார் என்பதற்கு அந்த ஊரைப் பார்த்தால் போதும். லிவர்பூலில் அரசியல் என்பது பாதி மதச் சண்டை. பிராடெஸ்டெண்டுத் தொழிலாளிகள் பலர் கன்ஸர்வேடிவ் பக்கம். ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஐரிஷ் தேசியக் கட்சிப் பக்கம். அதே 1909-ல், கோடையில், ஒரு மத ஊர்வலத்தை ஒட்டிப் பெரிய கலகமே நடந்தது. தெருக்களில் கல்லும் கம்பும் பறந்தன. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கட்சிக் கொடியைப் பிடித்தால் பாதி வீடுகளின் கதவு அடைபட்டுவிடும். எந்த மதத்தாரின் வீடானாலும் அடகுக் கடைக்குப் போகும் போர்வை ஒன்றுதானே?

கிரான்பி வார்டு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ 25 வருஷம் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

கட்சியில்லாத கௌன்ஸிலருக்குக் கஷ்டம் இல்லாமல் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் உட்காரும் சபையில், பின்னால் கை தூக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு விஷயத்துக்கும் புள்ளி விவரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்துப் பேச வேண்டும். வாயை மூடு என்று சொல்லக் கட்சித் தலைவர் இல்லை என்பதுதான் ஒரே லாபம். அந்த லாபத்தை அவர் நன்றாகவே உபயோகித்தார். ஏழை விதவைகள் உதவி போர்டின் முன் எப்படி நிற்க வைக்கப்படுகிறார்கள் என்று 1913-ல் எழுதி ஊரறியச் செய்தார். அதே வருஷம் அங்கே மாதர் பிரஜைகள் சங்கம் ஒன்றைத் துவக்கினார். குடும்பப் பெண்கள் ஊர் விவகாரத்தை உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்பது நோக்கம். பிற்பாடு நகரசபையே வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டபோது, அதிகக் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு வாடகையைக் குறைக்க வேண்டும் என்று வாதாடினார். பெரிய வீடு யாருக்குத் தேவையோ அவரால்தான் பெரிய வாடகை கொடுக்க முடியாது. எளிய உண்மைதான், ஆனால் சபையில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் 1914-ல் உலக யுத்தம் வந்தது. ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். சிப்பாய்களின் மனைவிமார்களுக்குச் சர்க்கார் படி கொடுத்தது. லிவர்பூலில் இந்தக் குடும்பங்களைக் கவனிக்கும் பொறுப்பு எலினாரிடம் வந்து சேர்ந்தது. அப்போது ஓர் அதிசயம் கண்டார். சண்டைக் காலம், விலைவாசி ஏறுகிறது, புருஷன் ஊரில் இல்லை. இருந்தும் பல வீடுகளில் குழந்தைகள் முன்னைவிடத் தெளிவாக இருந்தார்கள்! காரணம் என்ன? வாரம் தவறாமல், குழந்தைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி, பணம் நேரே தாயின் கைக்கு வந்தது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அன்று பிடித்த பிடியை அவர் கடைசி வரை விடவில்லை. குழந்தைக்கென்று ஒரு படி வேண்டும். அது தாயிடம் தரப்பட வேண்டும். 1924-ல் இதை விளக்கி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். 'கூலி குறைந்துவிடும்' என்று தொழிற்சங்கத்தார் பலர் பயந்தார்கள். 'குடும்பத் தலைவனின் பொறுப்பு உணர்ச்சி போய்விடும்' என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள். இந்தக் கவலை எல்லா ஊர் ஆண்களுக்கும் பொது போலிருக்கிறது.

1922-ல் பார்லிமெண்டுக்கு நின்று தோற்றார். 1929-ல் பல்கலைக்கழகத் தொகுதியில் ஜெயித்தார், அதுவும் சுயேச்சையாகத்தான்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, நமக்கு அவரிடம் உள்ள மனஸ்தாபத்தை மறைப்பது நியாயமில்லை. மிஸ் மேயோவின் 'மதர் இந்தியா'வைப் படித்துவிட்டு, இந்தியப் பெண்களைக் கரையேற்றப் புறப்பட்டவர்களில் எலினாரும் ஒருவர். 1929 அக்டோபரில் லண்டனில் மகாநாடு ஒன்று கூட்டினார். சபையிலிருந்த தன்வந்தி ராமராவ் எழுந்து, எங்கள் நாட்டுப் பெண்களின் குறைகளைத் தீர்க்க நாங்கள் இருக்கிறோம் என்கிற தோரணையில் நன்றாகவே கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் நம் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். பிறகு 1932-ல் எலினார் இந்தியாவுக்கே வந்து பார்த்தார். ஆனாலும் ஓட்டுரிமை விஷயத்தில், இப்போதைக்குச் சொத்துள்ளவர்களின் மனைவிமார்களுக்குக் கிடைத்தால் போதும் என்ற யோசனையை ஆதரித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலானோர் அதை ஏற்கவில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்றார்கள். கணவன் கை வழியாக வரும் பணம் கூடாது என்றவர், கணவன் சொத்து வழியாக வரும் ஓட்டு நமக்குப் போதும் என்று நினைத்தாரே, அதுதான் வேடிக்கை.

கதைக்கு வருவோம். 1945-ல், யுத்தம் முடியும் தறுவாயில், குடும்பப்படி மசோதா பார்லிமெண்டுக்கு வந்தது. முதல் குழந்தையைத் தவிர மற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங். அன்றைய நம் கணக்கில் மூன்றே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். எலினார் மசோதாவை எடுத்துப் பார்த்தார். பணம் தகப்பனுக்கு உரியது என்று எழுதியிருந்தது!

கால் நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்ட காரியம். வயது 72. கிடைத்த மட்டும் லாபம் என்று வேறு யாராவது இருந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவரோ, மசோதா இப்படியே போனால் நானே இதற்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டார். கட்சிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி அங்கத்தினர்களைத் தங்கள் இஷ்டப்படி முடிவு செய்ய விட்டார்கள். 'தகப்பன்' போய்த் 'தாய்' வந்தது. சட்டமும் நிறைவேறியது.

1946 ஜனவரி 2-ம் தேதி எலினார் ராத்போன் திடீரென்று காலமானார். அந்த வருஷம் ஆகஸ்ட் 6-ம் தேதி, செவ்வாய்க்கிழமை, நாடெங்கும் தபாலாபீஸ்களில் தாய்மார்கள் புதுப் படிப் புத்தகத்தை நீட்டி முதல் பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.