ஹாலிவுட் கண்ட ஞானி

ஸ்ரீ ரமண மகரிஷி திருவண்ணாமலைக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததை 1946 செப்டம்பர் முதல் தேதியன்று அடியார்கள் பொன்விழாவாகக் கொண்டாடினர். அவ்வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' என்னும் படம் வெளியாயிற்று. அதில் வரும் இந்திய ஞானி, மகரிஷியின் தரிசனத்திலிருந்து பிறந்த பாத்திரம். அவ்வேடம் தரித்தவரோ ஸெஸில் ஹம்ப்ரீஸ் என்னும் ஆங்கில நடிகர். உண்மை ஞானி, எளியவரும் வந்து காணும்படி, கௌபீனதாரியாய் அருணாசலத்தின் அடிவாரத்தில் வீற்றிருந்த காலம் அது.

இப்படத்தின் டைரக்டர் எட்மண்ட் கோல்டிங் 1891-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். நாடக மேடையில் வளர்ந்து, முதல் மகாயுத்தத்திற்குப் பின் அமெரிக்கா சென்றவர். அவருடைய 'கிராண்ட் ஹோட்டல்' 1932-ல் சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்றது. ஆனால் டைரக்டர் பரிசுக்கு அவர் பெயர் பிரேரணைகூடச் செய்யப்படவில்லை. கிரேட்டா கார்போ, பெட்டி டேவிஸ் முதலிய நடிகைகளை அவர் சிறப்புறக் கையாண்டார். நடிகர்களுக்கு ஸ்திரீ பாகத்தையும் தாமே நடித்துக் காட்டுவாராம்! அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி ஹாலிவுட்டில் உலவிய அவதூறுகள் பல. அவற்றுள் நாம் புக விரும்பவில்லை. நம்முடைய வழக்கு வேறு.

முதற் பிழை கோல்டிங்கினுடையதன்று என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் ஸாமர்ஸெட் மாம் 1938-ல் ரமணாச்ரமத்துக்கு வந்தார். வந்த இடத்தில் மூர்ச்சையுற்றார். மகரிஷி அவரிருந்த அறைக்கே எழுந்தருளி, பேசாது அமர்ந்திருந்தார். 1944-ல் வெளியான நாவலில் மாம் அந்த ஞானியைத் திருவாங்கூருக்குக் குடியேற்றினார். நூலின் பெயரைக் கடோபநிஷத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பின்னர் மாம் எழுதிக் கொடுத்த திரைக்கதையைப் படாதிபதி ஸானக் ஒதுக்கி, லமார் டிராட்டி எழுதியதையே வைத்துக்கொண்டார். ஆகவே, கோல்டிங்கின் கைக்கு வந்து சேர்ந்தபோது அருணாசலம் ஏற்கெனவே தொலைந்து போயிருந்தது.

ஆயினும் டைரக்டர் செய்திருக்கக் கூடியது ஒன்று உண்டு. மகரிஷியின் உபதேசத்தில் தலையாயது மௌனம். மாம் நேரில் கண்டதும் அதுவே. வார்த்தையில்லாமல் முகத்தைக் கொண்டே கதை சொல்ல வல்லது சினிமாக் கலை. கோல்டிங்கோ கார்போவை வைத்துப் பேசாப்படம் எடுத்தவர். அத்தகையவர் ஞானியின் வாயில் பிரசங்கத்தை வைத்து, வானளாவிய சிகரங்களைப் பின்னணியில் நிறுத்தித் திருப்தி கொண்டார். பாரிஸ் நகரத்து விருந்துகளிலும் ஆன் பாக்ஸ்டர் நடித்த துயரக் காட்சிகளிலும் காட்டிய சிரத்தையில் நாலிலொரு பங்கை இங்கே காட்டியிருக்கலாகாதா? பாக்ஸ்டருக்குத் துணைநடிகைப் பரிசு கிடைத்தது, அது தகும். இந்தியா அவருக்கு வெறும் திரைச்சீலை.

கோல்டிங் 1959-ல் காலமானார். அதே நாவலை 1984-ல் மறுபடியும் படமாக்கியவர்கள் இந்தியாவுக்கே வந்தார்கள்; வந்து, காமிராவைத் தூக்கிக்கொண்டு லடாக்குக்குப் போனார்கள்.