சன்னல் இல்லாத விடுதி

பிள்ளையை விடுதியில் சேர்க்கச் செல்லும் நாம், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளுமுன் சன்னலைத்தான் திறந்து பார்க்கிறோம். காற்று வருமா, வெளிச்சம் போதுமா என்று தாய் கேட்கும் அதே கேள்வி, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெரும் வழக்காடலாகவே மூண்டது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகம் பசிபிக் கடலோரத்தில் உள்ளது. ஊரில் வாடகை மிகுதி; விடுதிகளில் இடமோ குறைவு. 2021-ஆம் ஆண்டு மாணவர் சிலர் வண்டிகளிலேயே உறங்கினர். பலரைப் பல்கலைக்கழகம் ஓட்டல் அறைகளில் தங்க வைத்தது. இந்நிலையில்தான் பெருஞ்செல்வர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் அளிக்க முன்வந்தார். விடுதி தம் திட்டப்படியே எழும்ப வேண்டும் என்பது அவரது நிபந்தனை. அவரோ முதலீட்டுத் துறையில் புகழ் பெற்றவரேயன்றிக் கட்டடக் கலை பயின்றவர் அல்லர்.

பதினொரு மாடி, ஏறத்தாழ 4,500 மாணவர், ஒவ்வொருவருக்கும் சிறியதொரு தனியறை, எட்டு அறைகளுக்கு ஒரு பொதுக்கூடம். ஆனால் நூற்றுக்கு 94 அறைகளுக்குச் சன்னலே கிடையாது! பகலொளி போல் ஒளிரும் செயற்கைச் சன்னல் அதற்கு ஈடாகும் என்றார் மங்கர். அறை குறுகலாயிருந்தால் மாணவர் வெளியே வந்து ஒருவரோடொருவர் பழகுவர் என்பது அவர் வாதம். மூவரும் நால்வரும் ஓரறையில் படுத்துப் பயின்ற நமக்குத் தனியறை என்பது சிறிய சலுகையாகத் தோன்றாது. ஆகவே அவ்வாதத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிடவும் இயலாது. அவரது கொடையால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய விடுதி ஒன்று 2015-இலேயே திறக்கப்பட்டிருந்தது.

வளாகத்தின் வடிவமைப்புக் குழுவில் பல்லாண்டு ஆலோசகராயிருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்பேடன் 2021 அக்டோபரில் பதவி விலகினார். கலைஞராக மட்டுமன்றி, பிள்ளை பெற்றவராகவும் மனிதராகவும் இத்திட்டத்தைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்று அவர் கடிதம் எழுதினார். அக்கடிதம் வெளியானதும் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டில் பேராசிரியர் குழுவொன்று ஆராய்ந்து, உறங்கும் அறைகளுக்குத் திறக்கக்கூடிய சன்னல் வேண்டுமென்றது.

இவ்வூர் யார் பெயரைத் தாங்கியுள்ளது என்பதை நம் வாசகர் கவனித்திருப்பர். தந்தை எழுப்பிய கட்டடத்தில் இரண்டே சன்னல்கள் இருக்க, மூவொரு கடவுளின் நினைவாக மூன்றாவதொன்றைத் திறக்கச் செய்தவர் புனித பார்பரா என்பது மரபுக் கதை.

2023-இல் பல்கலைக்கழகம் மங்கரின் திட்டத்தைக் கைவிட்டு, சுமார் 3,500 பேருக்கு வழக்கமான முறையில் விடுதிகள் அமைக்க வேறு கலைஞர்களை நாடியது. அவ்வாண்டு நவம்பரில் மங்கர் தம் 99-ஆம் வயதில் காலமானார். வண்டிகளில் உறங்கிய மாணவர்களோ, புது விடுதிக்கு ஒரு செங்கல்கூட வைக்கப்படுமுன் படிப்பை முடிக்கும் காலத்தை நெருங்கிவிட்டனர்.